ஒரு கிண்ணத்துக்கான அளவு

சந்தூர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

அன்பு மகள் பூங்கொடிக்கு அப்பா எழுதுவது. நலம்; நலமறிய ஆவல்.

தோட்டத்தில் செந்தூரா முடிந்து, பெங்களூரா பறிப்பு நடந்துகொண்டிருக்கிறது. மாங்கூழ் ஆலைகள் தரும் விலையைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் அதிலேயே முடிந்துவிடும். ஆகையால் நீ ஜப்பானிலிருந்து சொல்லிக்கொடுத்த பழ இனிப்புகள் என்ன ஆயின என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கான்டென் தூளில், அதாவது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் தூளில், 4 கிராம் பொட்டலம் ஒன்றை 500 மில்லி தண்ணீரில் கரைத்து, கொதி வந்த பிறகும் இரண்டு நிமிடம் கைவிடாமல் கிளறி, அடுப்பை அணைத்து, அல்போன்சா விழுதைச் சேர்த்தேன். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமலே அது உறைந்துவிடும் என்று சொன்னபோது உன் அம்மா நம்பவில்லை. ஏறக்குறைய 40 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அது உறையத் தொடங்கிவிடும் என்பதையும், மறுபடி உருக 85 டிகிரியாவது வேண்டும் என்பதையும், மின்சாரம் போயிருந்த ஒரு மாலையில் அவளே கண்ணால் கண்டாள். ஜெலட்டினாக இருந்தால் நம் ஊர் வெயிலுக்கு இளகித் தண்ணீராகியிருக்கும். அது மாட்டின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது என்பதால் அவள் அதை அடுப்படிக்குள்ளேயே விடமாட்டாள் என்பது வேறு விஷயம். அன்னாசியையும் பப்பாளியையும் பச்சையாகப் போட்டால் ஜெலட்டின் உறையாது. கான்டெனுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதும் இதே அகர்தான் என்று சொன்ன பிறகு, அம்மாவுக்கு அதன்மேல் ஒரு சொந்தமே வந்துவிட்டது.

நீ கவனிக்க வேண்டியது இரண்டு. எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் இருக்கும்போது சேர்க்காதே. புளிப்போடு கொதித்தால் அதன் இறுகும் தன்மை குறைந்துவிடும். பழ விழுதைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாதே. குளிர்ச்சி பட்ட இடமெல்லாம் நூல்நூலாகத் திரிந்துவிடுகிறது. இது உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் இரவு வேலை முடிந்து களைப்போடு செய்யும்போது மறந்துவிடும்.

அடுத்ததாக, நீ அங்கே விரும்பிச் சாப்பிடும் பழ சாண்ட்விச். இங்கே கிடைக்கும் பெட்டிக் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். அதை எவ்வளவு அடித்தாலும் எழும்பாது. அதனால் தயிரைத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டுச் சர்க்கரை சேர்த்துக்கொண்டேன். பழத்துண்டுகளை மூலைக்கு மூலை சாய்வாக அடுக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி, வெட்ட வேண்டிய இடத்தில் பேனாவால் கோடு போட்டு, ஒரு மணி நேரம் குளிரவைத்து வெட்டினேன். வெண்மைக்கு நடுவே மஞ்சள் துண்டு முழு வட்டமாகத் தெரிந்தது. கணக்கு வாத்தியாருக்கு ஒன்று கொடுத்தேன். ஜப்பானில் என் மகள் செய்வது என்று நான் சொல்வதற்கு முன்பே அம்மா சொல்லிவிட்டாள். இதையெல்லாம் அண்ணனுக்குத்தான் முதலில் எழுதியிருக்கிறாய், எங்களுக்கு அவன் வழியாகத்தான் வந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அன்மிட்சு என்று நீ எழுதியிருந்த ஜப்பானிய இனிப்புக்குச் சிவப்புப் பயறு கிடைக்காததால், தட்டைப்பயற்றை வேகவைத்து வெல்லத்தோடு மசித்தேன். கறுப்புச் சர்க்கரைப் பாகுக்குப் பதில் கருப்பட்டிப் பாகு. கான்டென் துண்டுகள், பலாச்சுளை, வாழைப்பழம் எல்லாம் சேர்ந்து நன்றாகவே இருந்தது. வெள்ளை உருண்டைகளை நம் பால் கொழுக்கட்டை போலவே பிடித்தாள் அம்மா. மாப்பிள்ளைக்குக் கருப்பட்டி மணம் பிடிக்கும் என்று அப்போது சொன்னாள். அவருக்குப் பாகைக் கொஞ்சம் கூடவே விடு.

வெந்த பழத்தின்மேல் மாவைப் பொடியாகத் தூவிச் செய்யும் இங்கிலாந்துக்காரர்களின் கிரம்பிளுக்கு மாவு இரண்டு பங்கு, வெண்ணெய் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெண்ணெய் பங்கீட்டில் இருந்ததால் அது அங்கே வீட்டுக்கு வீடு பரவியது என்பார்கள். பாதி மாவைக் கேழ்வரகாக்கி, இரும்புச் சட்டியில் வறுத்து, வேகவைத்த பெங்களூரா துண்டுகளின்மேல் தூவினேன். இதற்கு அல்போன்சா கூடாது, வெந்தால் குழைந்துவிடும். புளிப்பும் கெட்டித்தன்மையும் உள்ள பெங்களூராதான் சரி.

உன் கடைசிப் படத்தில் மாம்பழக் கான்டென் ஒரே கிண்ணத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு கரண்டி. அம்மா படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை. நீ அளவைக் குறைத்துச் செய்திருப்பாய் என்று எண்ணி, நானும் ஒருவருக்கான அளவைக் கணக்கிட்டுச் செய்துபார்த்தேன்: 1 கிராம் தூள், 125 மில்லி தண்ணீர். கணக்கு சரி, பலகாரம் சரியில்லை. அவ்வளவு கொஞ்சம் தண்ணீர் இரண்டு நிமிடம் கொதிப்பதற்குள் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. மிஞ்சுவது ரப்பராக இறுகிவிடுகிறது. தண்ணீரைக் கூடுதலாக வைத்தால் எவ்வளவு சுண்டும் என்று பிடிபடவில்லை. குறைந்தது இருவருக்காவது செய்தால்தான் பதம் வருகிறது. மாப்பிள்ளை இரவு தாமதமாக வந்தாலும் கெடாது, மூடிவைத்தால் மறுநாளும் இருக்கும். அவருக்கு இப்போது வேலை எந்த ஊரில்? முன்பு ஞாயிறுதோறும் பேசுவார்.

நீயாகச் சமைத்துச் சாப்பிடுகிறாய் என்பதில் எனக்குப் பெருமைதான். சாப்பாட்டுக்குப் பதிலாக இதையே சாப்பிட்டுவிடாதே. கான்டெனில் வயிறு நிறையும், சத்து இராது. எலுமிச்சையை அடுப்பில் சேர்க்காதே.

பழம் அனுப்பத்தான் ஆசை. 2006 முதல் ஜப்பான் நம் மாம்பழத்தை அனுமதித்திருந்தாலும், அது நீராவி வெப்பத்தில் பதப்படுத்தி அதிகாரிகள் பார்த்து அனுப்பும் பழத்துக்குத்தான்; அப்பா பையில் கட்டி அனுப்புவதற்கு இல்லை. ஆகவே அல்போன்சா கூழ் டின் அனுப்பலாம் என்றிருக்கிறேன். 850 கிராம் டின்னைத் திறந்தால் வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். இருவர் இருந்தால் தீரும். சிறியதே போதும் என்றாலும் சரி, அப்படியே எழுது. அண்ணன் வழியாக வேண்டாம், எனக்கே எழுது. திங்கட்கிழமை அஞ்சலகத்துக்குப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா