வேதபாட ஐக்கியத்தின் ஆண்டறிக்கை: சிருஷ்டிப்பும் ஆராதனையும்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும் கிறிஸ்துவுக்குள் அன்பான அங்கத்தினர்களுக்கும் செயலாளரின் ஸ்தோத்திரங்கள்.

குன்னூர் வட்டாரத்தில் வீடு வீடாகக் கூடி வேதம் வாசித்துவரும் நமது ஐக்கியம், இவ்வாண்டு சிருஷ்டிப்பையும் ஆராதனையையும் பாடமாக எடுத்துக்கொண்டது. மழை வலுத்த வாரங்கள் நீங்கலாகக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஆதியாகமம் முதல் அதிகாரத்திலேயே விவாதம் சூடுபிடித்தது. சூரியன் நாலாம் நாளில் உண்டாயிற்று என்றால் மூன்றாம் நாளில் புல்லும் மரமும் எப்படி முளைத்தன என்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் கேட்டார்கள். கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் அடுத்த கூட்டத்திலும் அதையே எடுத்துக்கொண்டோம். எகிப்திலும் பாபிலோனிலும் சூரியனையும் சந்திரனையும் தெய்வங்களாக வணங்கினார்கள். இஸ்ரவேலர் அந்த வழியில் போகக் கூடாதென்று உபாகமம் 4:19 எச்சரிக்கிறது. பயிரை முளைப்பிக்கிறவர் யார் என்பதை நிலைநாட்டவே சூரியன் பசுமைக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் துணிபு. அது ஏற்றப்பட்ட விளக்கு. தொழுகை ஏற்றியவருக்கே உரியது. நாட்கணக்கைப் பற்றிய கருத்து வேறுபாடு நமக்குள் இன்னும் தீரவில்லை. ஆனால் அதன் பொருட்டு ஒருவரும் கூட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

104ஆம் சங்கீதத்தை ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் வாசித்தோம். இராத்திரியில் சிங்கக்குட்டிகள் இரைக்காகக் கெர்ச்சிக்கின்றன. சூரியன் உதித்ததும் அவை ஒதுங்கிக்கொள்ள, மனுஷன் தன் வேலைக்குப் புறப்படுகிறான். இலை பறிக்கும் அம்மா ஒருவர் இவ்விடத்தில் வாசிப்பை நிறுத்தி, காலையில் தோட்டத்தில் இறங்கும் முன் தாம் கைதட்டிக் குரல் கொடுப்பதைச் சொன்னார். செடிகளுக்கு நடுவே காட்டெருமை படுத்திருக்கும். அது எழுந்து சோலைக்குள் போகும்வரை கூடையோடு ஓரமாக நிற்பாராம். "அதற்கும் அவர்தானே ஆகாரம் கொடுக்கிறார்" என்று சொல்லிவிட்டு, மீண்டும் வாசித்தார். அன்று நான் தயாரித்து வைத்திருந்த விளக்கவுரை தேவைப்படவில்லை.

அதே சங்கீதம் உயர்ந்த மலைகளை வரையாடுகளுக்கு அடைக்கலமாகச் சொல்கிறது. அவை பாலஸ்தீனக் கன்மலைகளில் வாழும் ஆடுகள். நீலகிரியின் முக்குருத்தியில் மேயும் நம் மாநில விலங்கான நீலகிரி வரையாடு வேறு இனம். யோபு 39ஆம் அதிகாரத்தில் கர்த்தர், வரையாடுகள் ஈனும் காலத்தை நீ அறிவாயோ என்று கேட்கிறார். மனுஷன் பாராத இடத்திலும் சிருஷ்டிகர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற இந்த அதிகாரத்தை இளைஞர்கள் மிகவும் விரும்பினார்கள்.

கடினமாக இருந்தது 148ஆம் சங்கீதம். கல்மழையும் மூடுபனியும் பெருங்காற்றும் கர்த்தரைத் துதிக்க அழைக்கப்படுகின்றன. உறைபனியில் கொழுந்தெல்லாம் கருகிய ஒரு குடும்பத்தார் அன்று நம்மோடு இருந்தார்கள். அவர்களால் அந்த வரியைப் பாட முடியவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. அவர்களுக்காக ஜெபித்துவிட்டுக் கலைந்தோம். அந்தச் சங்கீதத்தில் மனிதருக்கான அழைப்பு மலைகளுக்கும் கனிமரங்களுக்கும் மிருகங்களுக்கும் பிறகே வருகிறது. ராஜாக்கள், வாலிபர், கன்னிகைகள், முதியவர், பிள்ளைகள் எல்லாரும் ஏற்கெனவே தொடங்கிவிட்ட துதியில் வந்து சேர்ந்துகொள்கிறவர்களே.

உதகை புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு ஒருநாள் சென்று வந்தோம். 1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஆலயத்தின் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவற்றின் கீழே அமர்ந்து அப்போஸ்தலர் 17:24ஐ வாசித்தோம்: உலகத்தை உண்டாக்கின தேவன் கைகளினால் கட்டப்பட்ட கோவில்களில் வாசம்பண்ணுகிறதில்லை.

அறுப்பின் பண்டிகையில் கேரட்டும் முட்டைக்கோசும் தேயிலைப் பொட்டலங்களும் ஏலம் விடப்பட்டன. முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் பரதேசியோடும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும் என்கிறது உபாகமம் 26. ஆகவே வெளியூரிலிருந்து வந்து தோட்டங்களில் வேலை செய்யும் தொழிலாளர்களையும் வரும் ஆண்டு விருந்துக்கு அழைக்கும்படி செயற்குழுவுக்கு முன்மொழிகிறேன்.

ஏதேனைப் பண்படுத்தவும் காக்கவும் மனுஷனைத் தேவன் வைத்தார். இதை வாசித்த கையோடு ஆலயத்தின் பின்னாலுள்ள ஓடையில் கிடந்த பிளாஸ்டிக் குப்பையை வாலிபர் அணி அகற்றியது. இப்பணி மாதந்தோறும் தொடர ஆட்கள் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுக்கலாம்.

அடுத்த ஆண்டுக்கான பாடம் வெளிப்படுத்தின விசேஷம் 4, 5ஆம் அதிகாரங்கள். சகலத்தையும் சிருஷ்டித்ததற்காகச் சிங்காசனத்தின் முன் மூப்பர்கள் பணிந்துகொள்ளும் இடத்திலிருந்து தொடங்குவோம். பழைய வேதாகமங்களின் எழுத்து சிறியதாக இருக்கிறது என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால், பெரிய எழுத்துப் பிரதிகள் வாங்க இந்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்