பனிக்காட்டுக் குடிலும் புயல் மையத்துச் சாவியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பனிக்காடுகளில் மலையேறுபவர்கள் ஒதுங்கும் மரக்குடில்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படமெல்லாம் பிரமாதம். ஆனால் ஆள் நடமாட்டமில்லாத காட்டுக்குள் அந்தக் குடிலை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை, கடலூர்க்காரனுக்கு முதலில் தோன்றுவதே அதுதான்.

பின்லாந்தில் இந்த மாதிரிக் குடில்களுக்குப் பூட்டும் கிடையாது, வாடகையும் கிடையாது. பெரும்பாலானவை மெட்சாஹல்லிடுஸ் என்ற அரசு வன நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன, ஆனாலும் அன்றாட வேலை தங்கிப்போகிறவர் தலையில்தான். கிளம்புமுன் விறகு பிளந்து உள்ளே அடுக்கி, சுள்ளியும் சிராயும் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும், ஏனென்றால் அடுத்து வருகிறவருக்கு விரல் மரத்துப்போய்த் தீக்குச்சி கிழிப்பதே பெரும்பாடாக இருக்கும், அவர் எங்கே கோடரியைப் பிடிப்பது. இடம் நிறைந்துவிட்டால் கடைசியாக வந்தவருக்குத்தான் முதல் உரிமை, முன்பே வந்து ஓய்வெடுத்தவர் நகர்ந்துகொடுக்க வேண்டும். (பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள் கவனிக்கவும்!)

அப்புறம் அந்த அடுப்பு. ஈர விறகை எரித்தால் புகைபோக்கிக்குள் தார் மாதிரிப் படிந்துகொண்டே வரும், அவ்வப்போது சுரண்டி எடுக்காவிட்டால் ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும். தணல் அடங்குமுன் புகைவழியை மூடிவிட்டுப் படுத்தாலோ, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் கூரையும் முந்திரித் தோப்பும் ஒன்றாகப் போனதைப் பார்த்த மாவட்டம் இது. கரையோரம் புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன, கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டேன், கெட்டியாகத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றில் மழை கொட்டும்போதுதான் சாவி யாரிடம் என்று தேடுவார்கள், ஒருவழியாகத் திறந்து உள்ளே போனால் குழாயில் காற்றுதான் வரும், கழிப்பறைக்குள் யாரோ பழைய பெஞ்சுகளை அடுக்கியிருப்பார்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஒருநாள் கதவைத் திறந்து, தொட்டியில் தண்ணீர் ஏற்றி, ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பார்த்து, சாவி உள்ள இரண்டு மூன்று வீடுகளைக் கதவிலேயே பெயின்ட்டில் எழுதிவைப்பதற்கு அப்படி என்ன செலவாகிவிடும்? உங்கள் நிருபரை இந்தப் பக்கமும் ஒரு நடை அனுப்புங்கள், புரட்டாசியிலேயே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்