இலைக்கடை அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

மாத்திரை ஒவ்வாமல் தோல் உரிந்து எங்கள் வார்டில் கிடந்த பிள்ளை நேற்று மதியம் வீடு போய்ச் சேர்ந்தது. எல்லோருக்கும் தெரிந்ததைத் திரும்ப எழுதப்போவதில்லை. கண்ணை முழுசாகத் திறக்கிறது, ரசம் சாதம் எரிச்சலில்லாமல் இறங்குகிறது, முதுகில் புதுத்தோல் மூடிவிட்டது. தோல் வார்டு செவிலியர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதும் மடல் இது. முதல் நன்றி இலைக்கடை அண்ணனுக்கு.

அண்ணே, வார்டுக்கு வாழை இலை வேண்டும் என்று ஆள் அனுப்பியபோது பந்திக்குக் கொடுப்பதுபோல எண்ணிக் கட்டிக் கொடுத்திருக்கலாம். நீங்கள் "சாப்பிடவா, படுக்கவா?" என்று கேட்டீர்கள். படுக்க என்றதும், "அப்போ தண்டு உறுத்துமே" என்றீர்கள். நாங்கள் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்துவிட்டது.

டென் என்று வார்டில் சுருக்கிச் சொல்லும் டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸில் மேல்தோல் செத்து, அடித்தோலை விட்டுக் கழன்றுவிடுகிறது. விரலால் லேசாகத் தேய்த்தாலே வழுக்கிக்கொண்டு வரும். உடம்புப் பரப்பில் 10 சதவீதத்துக்குள் உரிந்தால் இதே நோய்க்கு ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்று பெயர், 30-ஐத் தாண்டினால் டென். நீர் கசியும் முதுகு பருத்தி விரிப்பில் பட்டால் ஒட்டிக் காய்ந்துவிடும். புரட்டும்போது விரிப்போடு தோலும் வரும். பாரஃபின் தோய்த்த காஸ் என்ற மெல்லிய கட்டுத்துணி ஒட்டாது, ஆனால் முதுகு முழுக்க, தினமும் என்றால் எத்தனை டப்பா வேண்டும்! வாழை இலையின் வழவழப்பில் புண் ஒட்டுவதில்லை. குளுமையாகவும் இருக்கும், முதுகின் அகலத்துக்கு ஒரே துண்டாகவும் கிடைக்கும்.

மறுநாள் காலை 6 மணிக்கு வந்த இலைக்கட்டை அவிழ்த்துப் பார்த்தபோதுதான் உங்கள் கைவேலை தெரிந்தது. ஒவ்வொரு இலையிலும் நடுத்தண்டை அடிப்பக்கமாகச் சீவியிருந்தீர்கள். தண்டு தடித்த இடம் முதுகெலும்பை அழுத்தும், தோல் அங்கேதான் முதலில் போகும். முழுக்க எடுத்துவிட்டாலோ இலை இரண்டாகப் பிளந்துவிடும். நீங்கள் மெல்லிய பட்டை ஒன்றை மட்டும் விட்டிருந்தீர்கள். இலை பாய்போல விரிந்தது, பிளக்கவும் இல்லை. வெட்டுவாயில் கசியும் கறையைக் கழுவி, தண்ணீரை வடித்து, பளபளப்பான பக்கம் உள்ளே இருக்கும்படி சுருட்டியிருந்தீர்கள். முற்றல் இல்லை, குருத்தும் இல்லை: முற்றல் மொடமொடத்துக் கிழியும், குருத்து துவண்டுபோகும். காற்றில் கிழிந்தது ஒன்றுகூடக் கட்டுக்குள் இல்லை. பதினெட்டு நாளும் ஒரே மாதிரி.

இந்த இலையை நாங்கள் எப்படிப் போட்டோம் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். மறுபடி கழுவி, சுத்தமான துணியால் துடைத்து, பூச்சி இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, கட்டிலில் சுத்தமான விரிப்பின் மேல் போட்டோம். ஒரு இலை அடுத்ததன் மேல் ஒரு சாண் ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை அசையும்போது நடுவில் விரிப்பு தெரிந்து, அங்கே ஒட்டும். தொடைப் புண்ணுக்கான சிறு துண்டுகளை கிருமி போக நீராவியில் சூடாக்கும் ஆட்டோக்ளேவில் வைத்து எடுத்தோம். பச்சை போய்ப் பழுப்பாகிவிடும், ஆனாலும் ஒட்டாது. இலைக்கு ஒரு குறை உண்டு, நீரை உறிஞ்சாது. முதுகுக்கடியில் தேங்கினால் புண் ஊறிக் கிருமி பிடிக்கும். அதனால்தான் காலை, மாலை இரண்டு முறையும், நனைந்தபோதெல்லாமும் மாற்ற வேண்டியிருந்தது, உங்களிடம் அத்தனை இலை கேட்டோம். மாற்றும்போது இழுக்கவே கூடாது. இரண்டு பக்கமும் ஆள் நின்று தூக்க வேண்டும். இலை மருந்தல்ல. ஒவ்வாத மாத்திரையை நிறுத்தியது, நீர்ச்சத்து, சத்துணவு, கண் பராமரிப்பு, இவைதான் காப்பாற்றியவை. ஆனால் புதிதாக வளர்ந்த தோல் விரிப்போடு போகாமல் இருந்ததற்கு இலைதான் காரணம்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து: அறையை 30 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல் இரவெல்லாம் ஹீட்டரைப் பார்த்துக்கொண்ட வார்டு உதவியாளர்கள், இரண்டு மணிக்கொருமுறை கண் சொட்டு விட்ட இரவு ஷிப்ட், இமை ஒட்டிக்கொள்ளாமல் தினமும் வந்து கண்ணாடிக் குச்சியால் பிரித்துவிட்ட கண் மருத்துவர், பிளாஸ்திரியே ஒட்டாமல் பேண்டேஜ் சுற்றி நரம்பு ஊசியை அசையாமல் நிறுத்தியவர்கள், பழைய பில்லைத் தேடி எடுத்து மாத்திரையின் பெயரையும் தொடங்கிய தேதியையும் எழுதிக் கொடுத்த மருந்துக்கடைத் தம்பி. தீக்காயத்துக்குத் தடவும் சல்ஃபா களிம்பான சில்வர் சல்ஃபாடயசின் டப்பாவைத் திறக்கும் முன் "எந்த மாத்திரையால் வந்தது?" என்று கேட்ட பயிற்சி மருத்துவருக்குத் தனி நன்றி. பிள்ளை சாப்பிட்ட கோட்ரைமாக்சசோல் ஒரு சல்ஃபா ஆன்டிபயாடிக், அதனால் வந்த புண்ணில் சல்ஃபா களிம்பைத் தடவக் கூடாது. தீக்காயம் போலத் தெரிவதால் கை தானாக அந்த டப்பாவுக்குத்தான் போகும்.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வரும் தடிப்பு பெரும்பாலும் இப்படி ஆவதில்லை. அமாக்சிசிலினில் ஒரு வாரம், பத்து நாளில் வரும் சிவந்த தடிப்பு மருந்தை நிறுத்தினால் அடங்கிவிடும். ஆனால் மாத்திரை தொடங்கி நாலு நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் காய்ச்சலோடு கண் சிவந்து, வாய் புண்ணாகி, தோல் அரிக்காமல் வலித்தால் அது வேறு. அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தோமே என்று பலரும் சொல்கிறார்கள். கையில் குத்திப் பார்ப்பது உடனே வரும் ஒவ்வாமைக்குத்தான். நாள் கழித்து வரும் இதை அது காட்டாது.

இனி எங்கள் வார்டிலிருந்து யாரும் ஒவ்வாத மருந்தின் பெயர் எழுதிய அட்டை இல்லாமல் வீடு போக மாட்டார்கள். கம்பெனிப் பெயர் கடைக்குக் கடை மாறும் என்பதால் பிள்ளையின் அட்டையில் கோட்ரைமாக்சசோலில் உள்ள சல்ஃபமெத்தாக்சசோல், ட்ரைமெத்தோபிரிம் என்று மருந்தின் பெயரே இருக்கும், தமிழிலும் சிவப்பு மையிலும். அதை அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

அண்ணே, நாளையிலிருந்து இலை வேண்டாம். அடுத்த வாரம் வார்டுக்குப் புதிதாக நாலு பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். காலை வியாபாரம் முடிந்து, 11 மணிக்கு மேல் ஒரு நாள் வந்து, தண்டு சீவுவதை அவர்களுக்குக் காட்டிக்கொடுக்க முடியுமா? கத்தியை மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள். இங்கே இருப்பது அவ்வளவு மெல்லிசாகச் சீவாது.