கெடாவுக்கும் ஓர் இளஞ்சூட்டுக் குளம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குத் தண்ணீரில் தரும் பயிற்சியைப் பற்றி கெடா மாநிலத்தில் எங்கள் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அது பணக்காரர்களுக்கான வைத்தியம் என்பார்கள் சிலர். தண்ணீரில் இறக்கினால் எழுந்து நடந்துவிடலாம் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே சரியில்லை. தம்பியோடு கூடவே இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

தம்பி செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவன். வேலை முடிந்து வீடு திரும்பும்போது மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் சேரும். அதனால் மலாக்காவில் உள்ள அவர்களுடைய மறுவாழ்வு மையத்தில் இடம் கிடைத்தது. நாங்கள் ஒரு வெள்ளிகூடக் கட்டவில்லை.

குளத்தில் இறங்குவதற்கு முன்பே சிறுநீரும் மலமும் கழித்துவிட வேண்டும். அப்புறம் பாதத்தில் தடித்த காலுறை. உணர்வில்லாத கால் தரையில் உரசிப் புண்ணானாலும் அவனுக்குத் தெரியாது அல்லவா? நாற்காலியோடு மெல்ல இறக்கினார்கள். நெஞ்சளவு தண்ணீரில் உடம்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்குமாம். பிசியோ, அதாவது பயிற்சி தரும் இயன்முறை சிகிச்சையாளர், அவன் இடுப்பைப் பிடித்து, தன் முட்டியால் அவன் முட்டிக்கு முட்டுக்கொடுக்க, தம்பி நின்றான். தரையில் இரண்டு பேர் தாங்கியும் நிற்காதவன்.

ஆனால், பராமரிக்கிற எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. அந்தத் தண்ணீர் 33 முதல் 35 டிகிரி வரை இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் காலின் தசை இழுப்பு தளர்ந்துவிடும். மற்ற நாளில் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ளும் கால்கள், குளத்தில் இறங்கிய நாளில் காற்சட்டை மாட்டும்போது மடங்கிக் கொடுக்கும். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும்போது உதறாது. இரவில் அவனும் தூங்கினான், நானும் தூங்கினேன்.

அவன் நடக்கவில்லை. நடப்பான் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தோட்டத்துப் பையன்கள் பாசத்தில், "அண்ணனை அருவிக்குத் தூக்கிட்டுப் போறோம்க்கா" என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் இழுப்பு அதிகமாகலாம். படுக்கைப் புண் இருந்தால் குளத்திலேயே இறக்க மாட்டார்கள். ஆற்றிலோ எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் தொற்றலாம். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிரம்பினாலே இரத்த அழுத்தம் திடீரென்று ஏறிவிடலாம். தலை பிளக்கும், முகம் சிவந்து வியர்க்கும். உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. பழகிய பிசியோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான்.

மலாக்காவிலிருந்து வீட்டுக்கு வந்ததோடு குளம் நின்றுபோனது. இங்கே அரசு மருத்துவமனைப் பிசியோக்கள் அக்கறையாகப் பயிற்சி தருகிறார்கள். ஆனால் குளம் இல்லை. கால் மறுபடியும் விறைக்கிறது. ஈப்போவிலும் சொக்சோ மையம் வந்திருப்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் பீடோங்கிலிருந்து அங்கே போய்த் திரும்ப ஒரு நாள் முழுக்க ஆகும். அவ்வளவு நேரம் காரில் உட்கார்ந்தே போனால் புட்டத்தில் புண் வருமே என்ற பயம் வேறு. லயத்து வீட்டில் கார் யாரிடம் இருக்கிறது?

சுகாதார அமைச்சும் சொக்சோவும் சேர்ந்து, கெடாவில் ஓர் அரசு மருத்துவமனையிலாவது சிறிய இளஞ்சூட்டுக் குளம் கட்டித் தர வேண்டும். சொக்சோ சந்தா கட்டாதவர்களுக்கும் அதில் இடம் வேண்டும். அதுவரை, இருக்கிற பொது நீச்சல் குளங்களில் இறக்கும் நாற்காலி ஒன்றைப் பொருத்தி, வெயில் ஏறித் தண்ணீர் சூடான பிறகு வாரம் ஒரு நாள் பிசியோவையும் வரவழைக்கலாம். எங்கள் சட்டமன்ற உறுப்பினர்கள் இதை மாநில அரசின் பார்வைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்ட அலுவலகக் கிராணி ஒருவர்,
பீடோங், கெடா.