துருசும் அக்காவின் சீனியும்

அன்புள்ள மச்சான்,

வெட்டு முடியட்டும் என்று இருந்ததில் பதில் பிந்திவிட்டது. இம்முறையும் மெஷின்தான், வயலுக்குள் கால் வைக்காமலே நெல் வீட்டுக்கு வந்துவிட்டது.

அக்காவைக் கேட்டிருந்தாய். சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொல்லி ஆறு மாதம். வெறும் வயிற்றில் 198. "எனக்கு இன்சுலின் வற்றிப்போச்சு" என்று அழுதுகொண்டே இருந்தார். அவருக்கு விளங்கப்படுத்தப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் ரோசலின் யலோவிடம் போய்ச் சேர்ந்தேன்.

பௌதிகவியலாளர். நியூயோர்க்கில் முன்னாள் படையினருக்கான ஆஸ்பத்திரியொன்றில் டொக்டர் பெர்சனோடு வேலை. கதிரியக்க அயடீன் சேர்த்த இன்சுலினை ஊசியால் ஏற்றி, இரத்தத்தை விட்டு அது எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்த்தார்கள். முன்பு இன்சுலின் போட்டவர்களில் அது சுணங்கி நின்றது. அவர்கள் உடம்பு அதற்கு எதிராக, வெளிப்பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான பிறபொருளெதிரிகளை உண்டாக்கியிருந்ததுதான் காரணம். 1955இல் அதை எழுதி அனுப்ப, சஞ்சிகைகள் நம்பவில்லை, திருப்பிவிட்டன. அந்த மறுப்புக் கடிதத்தை யலோ பத்திரமாக வைத்திருந்து, 1977இல் நோபல் உரையிலேயே காட்டினார்! பெர்சன் அதைப் பார்க்க இல்லை, 1972இலேயே போய்விட்டார். எனக்கு அதுதான் மனசுக்குள் நிற்கிறது.

அந்தப் பிறபொருளெதிரியையே அளவுகோலாக்கி, இரத்தத்தில் மிகச் சிறிதளவாய் உள்ள இன்சுலினையும் அளந்தார்கள். வளர்ந்த பிறகு சீனி வந்த பலருக்கு இன்சுலின் இல்லாமல் இல்லை, மற்றவர்களைவிடக் கூடவே இருந்தது. உடம்புதான் அதற்கு மசியவில்லை.

அக்காவுக்கு நான் சொன்னது இதுதான்: "குளத்தில தண்ணி நிறைய நிக்குது. துருசு திறக்கிற ஆளும் வந்திட்டார். துருசுதான் இறுகிக் கிடக்கு, வயலுக்குத் தண்ணி போகுதில்லை." தண்ணி இரத்தத்துச் சீனி, ஆள் இன்சுலின், துருசு என்கிற மதகு மசியாத உடம்பு. உடனே பிடித்துக்கொண்டார். நடந்தால் தசை, இன்சுலின் இல்லாமலும் கொஞ்சம் சீனியை இழுத்துக்கொள்ளும் என்றும் சொன்னேன். காலப்போக்கில் இன்சுலின் சுரக்கும் கணையம் களைத்து ஊசி தேவைப்பட்டாலும் பயப்பட வேண்டாம் என்றேன்.

இப்போது பின்னேரங்களில் வவுனிக்குளக்கட்டில் நாங்கள் இரண்டு பேரும். யானை இறங்க முன்னம் திரும்பிவிட வேண்டும், அதனால் அக்காவின் நடை நல்ல வேகம். சோறும் ஒரு கோப்பைதான். போன கிளினிக்கில் 142. துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

ரொறன்ரோவில் இருந்து வரும்போது மீட்டருக்கு ஸ்ரிப் இரண்டு பெட்டி கொண்டு வா. அக்கா உனக்கு ஒடியற்கூழ் காய்ச்ச நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உன் மச்சான்