வீட்டுத்தோட்ட வண்ணத்துப்பூச்சி வளர்ப்பு: எமது சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, காப்பாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜனவரி முதல் டிசெம்பர் வரை எமது சங்கம் ஆற்றிய பணிகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைப்பது யாப்பின்படி எனக்குரிய கடமையாகும். குடம்பிகளை வளர்ப்பதற்கு நான் அமைத்த வலைக்கூடு தேவைதானா, அதன் செலவு அனுமதித்த தொகையைத் தாண்டியது ஏன் என்று ஒக்ரோபர் மாத நிர்வாக சபைக் கூட்டத்தில் எழுந்த வினாக்களுக்கு எழுத்தில் விடை தரவும் இச்சந்தர்ப்பத்தைப் பயன்படுத்துகிறேன்.

நிர்வாக சபை இவ்வாண்டில் ஏழு தடவை கூடியது. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவம் நடைபெற்ற 25 நாட்களையும் முன்னிட்டு ஓகஸ்ட் மாதக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் அது நடைபெறவில்லை. பெப்ரவரியில் பாடசாலை ஒன்றின் ஆறாந்தர மாணவர்களுக்கு உருமாற்றம் பற்றிய செயல்முறை வகுப்பு நடாத்தப்பட்டது. யூனில் விதைப் பரிமாற்றம் இடம்பெற்றது. எமது ஆரம்பகால அங்கத்தவர் ஒருவர் மார்ச் மாதத்தில் காலமானார். அவருடைய குடும்பத்தாருக்குச் சங்கத்தின் சார்பில் அனுதாபம் தெரிவிக்கப்பட்டது.

கடந்த பொதுக்கூட்டத்தில் நான் முன்மொழிந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட உணவுத்தாவரத் திட்டமே இவ்வாண்டின் முதன்மையான பணியாகும். எங்கள் வளவுகளில் எக்ஸோராவும் நித்தியகல்யாணியும் சீனியாவும் நிறைந்திருந்தும், வருகிற வண்ணத்துப்பூச்சிகள் தேனைக் குடித்துவிட்டுப் போய்விடுகின்றன என்று பலரும் முறைப்பட்டதுண்டு. பூ இருந்தால் அவை வரும். தங்கள் சந்ததியை விட்டுச்செல்ல அவற்றுக்கு இலை வேண்டும். பெண் வண்ணத்துப்பூச்சி முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவை அறிந்து, தன் குடம்பி, அதாவது முட்டையிலிருந்து வரும் புழு, உண்ணக்கூடிய தாவரம் இதுதான் என்று உறுதிப்பட்ட பின்னரே முட்டையிடுகிறது. மஞ்சளும் கறுப்புமான தேசி வண்ணத்துப்பூச்சி தேசி, தோடை, விளாத்தி ஆகியவற்றைத் தேடும். வெள்ளை மஞ்சள் நிறத்தவை கொன்றையையும் ஆவரசையும் தேடும். வெள்ளைப் புள்ளி வைத்த கரும்பழுப்பு நிறத்தது அலரிக்கு வரும். அதன் கூட்டுப்புழு வெள்ளிப் பாத்திரம்போல் மினுங்குவதை அலரி வைத்திருப்போர் இலைகளைத் திருப்பிப் பார்த்தால் காணலாம்.

இதன்படி தேசி, கறிவேப்பிலை, ஆவரசு, அலரி, எருக்கலை, ஈச்சுரமூலி ஆகிய ஆறு வகையில் 64 நாற்றுகளை என் கிணற்றடியில் வளர்த்து ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் பகிர்ந்தளித்தேன். ஈச்சுரமூலிக் கொடியின் தண்டுகளைத் தந்துதவியவர் சித்த வைத்தியர் ஒருவர். எருக்கலையை மட்டும் பலர் ஏற்க மறுத்தனர். "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்று திட்டுகிற ஊரில் அதைக் காசு செலவழித்து வளர்க்கச் சொல்வது எளிதல்ல என்பதை நான் அறிவேன். 1995 ஒக்ரோபரில் போரினால் வலிகாமத்தை விட்டு வெளியேறிய நாங்கள் அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது, கூரையில்லாத என் வீட்டின் முற்றத்தில் எருக்கலை இடுப்பளவுக்கு நின்றது. அதை வெட்டக் கத்தியெடுத்த என் தாயார், இலையில் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையங்களும் மூன்று சோடிக் கரிய இழைகளும் கொண்ட புழுக்கள் இருப்பதைக் கண்டு, அவை போகும்வரை பொறுக்கச் சொன்னார். சில நாட்களில் அவை பச்சை மணிகளைப்போல் தொங்கிக் கூட்டுப்புழுவாகி, செம்மஞ்சள் நிறத்தில் பறந்து போயின. அந்த வளவில் எங்களுக்கு முன்னர் குடியேறியவை அவைதாம். எருக்கலைப் பால் கண்ணில் படக்கூடாது, தொட்டபின் கையைக் கழுவவேண்டும் என்ற எச்சரிக்கையுடன் அச்செடியை மீண்டும் ஒருமுறை அங்கத்தவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

இனி வலைக்கூடு பற்றிச் சொல்லவேண்டும். சபை அனுமதித்த தொகையை அது தாண்டிவிட்டது என்பது உண்மை. அத்தொகை குறிக்கப்பட்டபோது நுளம்பு வலையைக் கதியால்களில் கட்டினால் போதும் என்றே நானும் எண்ணியிருந்தேன். ஜனவரியில் தேசிமரத்தில் திறந்த வெளியில் விட்டு நான் குறித்துவைத்த 31 முட்டைகளில் கூட்டுப்புழுவாகியவை இரண்டு. எறும்பும் சிலந்தியும் ஓணானும் கொண்டுபோனவை போக, எஞ்சியவற்றில் பல ஈக்களுக்கும் சிறுகுளவிகளுக்கும் இரையாயின. எறும்பளவுகூட இல்லாத ஒரு குளவி, புழு கூட்டுப்புழுவாக மாறும் நேரம் வரை பக்கத்திலேயே காத்திருந்து, புதுத்தோல் இறுகுமுன் தன் முட்டைகளை உள்ளே செலுத்திவிடுகிறது. வண்ணத்துப்பூச்சி வருமென்று பத்து நாள் காத்திருந்தவர் முன்னால் ஒரு சிறு துளை விழுந்து அதனூடாகக் குளவிகள் கூட்டமாக வெளிவரும். நுளம்பு வலை காற்றில் கிழிந்துபோகும் என்பதையும் மேயில் தொடங்கிய சோளகக் காற்று காட்டித் தந்தது. ஆகவே பனஞ்சலாகை நட்டு, நெருக்கமான நைலோன் வலையை இழுத்துக் கட்டி, உள்ளே மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய தகரப்பேணிகளில் நிறுத்தி, எட்டடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட கூட்டை அமைத்தேன். மேலதிகச் செலவை முதலில் என் கையிலிருந்து கொடுத்துவிட்டே சபைக்கு அறிவித்தேன். முன்கூட்டி அனுமதி பெறாதது பிழை என்றால் அதை ஏற்றுக்கொள்கிறேன். கூடு தேவையற்றது என்ற கூற்றை மாத்திரம் ஏற்க இயலாது. யூன் முதல் டிசெம்பர் வரை அக்கூட்டிலிருந்து 212 வண்ணத்துப்பூச்சிகள் வெளியே விடப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் திகதியும் உணவுத்தாவரமும் எழுதப்பட்ட கொப்பி மேசையில் உள்ளது, விரும்பியோர் பார்வையிடலாம்.

வண்ணத்துப்பூச்சிகளை அடைத்து வைத்துக் காட்சிப்படுத்துவதற்காக அக்கூடு அமைக்கப்படவில்லை. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்தது தலைகீழாகத் தொங்கி, கசங்கிய சிறகுகளுக்குள் உடல்நீரைச் செலுத்தி விரித்து, அவை உலர்ந்து இறுகியதும் அன்றைக்கே திறந்துவிடப்படுகிறது. அந்த வேளையில் அது பிடி தவறிக் கீழே விழுந்தால் சிறகு கோணலாகவே இறுகிவிடும். கூட்டுக்குள் நுழையும் சிறுவர்களை நான் அதட்டுகிறேன் என்ற முறைப்பாட்டுக்குரிய காரணம் இதுவே.

செப்டெம்பரில் நாற்றுப் பண்ணை ஒன்றில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்றுகளில் விட்ட குடம்பிகள் அனைத்தும் இரண்டாம் நாளே சுருண்டு இறந்தன. இலையில் ஒரு குறையும் தெரியவில்லை. செடிக்குள் ஊடுருவும் மருந்து தெளிக்கப்பட்டிருந்தால் வெளியே கழுவிப் பயனில்லை. துளிர்க்கும் புதிய இலையிலும் அது சில வாரங்களுக்கு இருக்கும். ஆகவே வாங்கிய கன்றைத் தனியே வைத்துப் பல வாரங்கள் கழித்து, ஒரேயொரு புழுவை விட்டுச் சோதித்த பின்னரே மற்றவற்றை விடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் மாதத் தொடக்கத்தில் அங்கத்தவர் ஒருவர், தம் கறிவேப்பிலையில் வளர்ந்த கூட்டுப்புழுவிலிருந்து செம்புள்ளிகள் கொண்ட கரிய வண்ணத்துப்பூச்சி வெளிவந்திருப்பதாகவும், ஈச்சுரமூலி உண்டு வளரும் இனம் அக்கொடி இல்லாமலே வளர்ந்துவிட்டது என்றும் மகிழ்ச்சியோடு அறிவித்தார். போய்ப் பார்த்தேன். சிறகு அப்படியே இருந்தது. உடல் கறுப்பாக இருந்தது. ஈச்சுரமூலி உண்டு வளரும் இனத்தின் உடல் இரத்தச் சிவப்பாக இருக்கும். இலையிலுள்ள நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைத்திருப்பதால் குருவிகள் அதைத் தவிர்க்கும். கறிவேப்பிலையில் வளரும் இனத்தின் பெண்களில் ஒரு சாரார் அந்தச் சிறகின் கோலத்தை மட்டும் அணிந்துகொண்டு தப்பிப் பிழைக்கின்றன. அவர் சற்று மனம் சோர்ந்தார். எனக்கோ இவ்வாண்டில் மிகவும் மகிழ்ச்சி தந்த காலைப்பொழுது அதுவே. உடலின் நிறத்தைக் கவனிக்க அன்றிலிருந்து அவரும் பழகிக்கொண்டார்.

மகிழ்ச்சி தராத செய்தியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். செப்டெம்பர் இறுதியில் குடும்ப அலுவலாக நான் கொழும்பு செல்ல நேர்ந்தபோது, மூன்று நாட்களுக்கு வலைக்கூட்டைப் பார்த்துக்கொள்ள முறைவரிசை எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் நாள் பொறுப்பேற்றவர் வந்தார். மற்ற இரு நாட்களும் எவரும் வரவில்லை. குடம்பி தன் வாழ்நாளில் உண்ணும் இலையின் பெரும்பகுதியை ஐந்தாவதும் இறுதியுமான பருவத்திலேயே உண்கிறது. காலையில் வைத்த தேசிக் கொப்பு மாலையில் வெறும் ஈர்க்காகிவிடும். நான் திரும்பியபோது முள்ளையும் தண்டையும் தவிர எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. 19 குடம்பிகள் இறந்து கிடந்தன. கொப்பு வைத்த தண்ணீர்ப் போத்தலின் வாயைப் பஞ்சால் அடைக்காததால் உள்ளே விழுந்து அழிந்தவை நான்கு. உரியவர்களின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர்கள் இன்று சமூகமளித்திருந்தால் தாமாகவே உணர்வர் என நம்புகிறேன்.

சங்கத்திடமிருந்து நாற்று வாங்கிச் சென்ற இன்னொரு வீட்டில், தேசியில் புழு கண்டதும் மருந்து அடித்துவிட்டார்கள். முருங்கையில் கூட்டமாக ஒட்டியிருந்து தொட்டால் சுணைக்கும் மயிர்க்கொட்டிகளைப் பந்தம் கொளுத்தி எரித்துப் பழகிய எங்களுக்குப் புழு என்றதும் கை அதற்கே போகிறது என்பதை விளங்கிக்கொள்கிறேன். முருங்கை மயிர்க்கொட்டி ஓர் அந்துப்பூச்சியின் குடம்பி. தேசிக் குடம்பியோ சிறு பருவத்தில் குருவி எச்சம்போலும் பின்னர் இலைப் பச்சையாகவும் இருக்கும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவர்பட்ட கொம்பொன்றை நீட்டி மணம் வீசுவதைத் தவிர அதனால் எவருக்கும் தீங்கில்லை. வளர்ந்த மரம் இழந்த இலையைத் தளிர்த்து ஈடுசெய்துகொள்ளும். சிறு கன்றாயின் புழுவைக் கையால் பிடிக்காமல், இருக்கும் இலையோடு கத்தரித்து எமக்குத் தந்துவிடலாம். தோலுரிக்கும் வேளையில் அசையாமல் இருப்பதை இறந்ததாக எண்ணி எறிந்துவிடவும் வேண்டாம்.

நவம்பர் இறுதியில் புயலோடு வந்த பெருமழையில் கூட்டின் ஒரு பக்கம் சாய்ந்தது. இளம் அங்கத்தவர் மூவர் முழங்கால் வெள்ளத்தில் வந்து நிமிர்த்தித் தந்தனர்.

அங்கத்தவர் தொகை 38. மாதச் சந்தா 100 ரூபா. ஆண்டு முழுமைக்கும் செலுத்தியோர் 15 பேர். ஒரு மாதமேனும் செலுத்தாதோர் 11 பேர். பொதுக்கூட்டத்துக்கு வருவதில்லை, சந்தா தருவதில்லை, ஆனால் நாற்று பகிரும் நாளில் வாசலில் நிற்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். நாற்றோடு கொடுத்த பூச்சாடிகளிலும் பாதிக்கு மேல் திரும்பி வரவில்லை. தேநீர்ச் செலவுக்குக் குறைந்த ஒரு தொகையைக் கேட்டு ஒரே வீட்டுப் படலையில் நான்கு தடவை நிற்கவேண்டியிருந்தமை எனக்கு மிகவும் கடினமாக இருந்தது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகக் கூறுவதாயின், வரவு கடந்த ஆண்டிலும் சற்றுக் குறைந்தும் செலவு சற்றுக் கூடியும் உள்ளன; கையிருப்பு சிறு தொகையே. வலைக்கூட்டுக்காக நான் செலவிட்டதில் ஒரு பகுதி இன்னும் எனக்கு வரவேண்டியுள்ளது. அது குறித்து நான் அவசரப்படுத்தவில்லை.

தலைவர், பொருளாளர், நிர்வாக சபையினர், கூட்டங்களுக்கு மண்டபம் தந்த சனசமூக நிலையத்தார், தேநீர் வழங்கிய மாதர், தண்டு தந்த வைத்தியர், மழையில் வந்த மூவர் ஆகிய எல்லோருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஈச்சுரமூலியைப் பத்து வளவுகளிலேனும் வேலியில் படரவிட்டு, செவ்வுடல் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறதா என்று கவனிக்க விரும்புகிறேன். மருந்து என்று நம்பி அக்கொடியை எவரும் அரைத்துக் குடிக்கவேண்டாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. நாற்றுமேடையை என் வளவில் தொடர்ந்து வைத்திருப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கொழும்புத்துறையில் கடலோரத்தை அண்டியிருப்பதால் என் கிணறு வைகாசி பிறந்ததும் உவர்க்கத் தொடங்கிவிடும். 2024இல் நான்கு மாதம் நன்னீரைக் கானில் சுமந்து ஊற்றினேன்; வரும் ஆண்டில் முழங்கால் வலி அதற்கு இடம் தருமோ தெரியாது. கோண்டாவில், இணுவில் பக்கத்தில் நன்னீர்க் கிணறும் ஒரு பரப்புக் காணியில் கால்வாசி நிழலும் உடைய அங்கத்தவர்கள் ஐவர் எம்மிடையே இருக்கிறார்கள் என்பதை இடாப்பு காட்டுகிறது. பங்குனி முடியுமுன் அவர்களில் எவரேனும் வந்து பார்த்தால், கூட்டைக் கழற்றிக் கொண்டுபோய் மீண்டும் கட்டும் வேலையை நானே முன்னின்று செய்து தருவேன்.

இப்பொழுது கூட்டில் ஒன்பது கூட்டுப்புழுக்கள் உள்ளன. அவற்றில் இரண்டின் தோலூடாகச் சிறகின் நிறம் நேற்று மாலை தெரியத் தொடங்கியதால், இவ்வறிக்கையை வாசித்து முடித்ததும் சபையின் அனுமதியோடு நான் வீடு செல்லவேண்டியுள்ளது.

இங்ஙனம்,
செயலாளர்
யாழ்ப்பாணம்