பட்டத்தை விக்காதே மச்சான், முதல்ல லைனை அள

கல்லடி,
ஆனி மாதம்

அன்பு மச்சான்,

உன்ட கடிதம் வந்து கனநாள். பதில் பிந்தினதுக்கு நேரில வந்து திட்டு, கேட்டுக்கொள்றன். மாமிக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சதெண்டு பெரியவன் சொன்னான், மனசு ஆறிச்சு. இங்க எல்லாரும் சுகம். சின்னவள் இந்தமுறை ஏ.எல். எடுக்கிறாள், வீட்டில மூச்சுவிடவும் பயம். பொத்துவில் பஸ் கண்டக்டர் உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னான்.

அவன் சொன்ன இன்னொரு விசயத்துக்காகத்தான் இவ்வளவு அவசரமா எழுதுறன். பலகையில நிண்டு தண்ணியில ஓட உன்னை இழுக்கிற அந்த 12 சதுர மீற்றர் கைட் பட்டத்தை விக்கப்போறியாம். பின்னுக்குச் சரிஞ்சு விழுகுதாம், கிறுக்கினாக் கிறுகுதில்லையாம், தண்ணியில விழுந்தா எழும்பவும் மாட்டுதாம். ஆள் பிடிச்சு விலையும் பேசியாச்சாம். டேய், வீடு கட்டேக்க ஓடு ஒழுகுதெண்டு சுவரை இடிக்கச் சொன்னவனெல்லா நீ! அந்தப் பட்டத்தை விக்காதே. துணியில கிழிசல் இல்ல, ரியூப்பில காத்துப் போறதில்லையெண்டு நீயே எழுதியிருக்கிறாய். அப்ப நோய் பட்டத்தைப் பிடிக்கிற நூலான லைனிலயும், கையில பிடிக்கிற தடியான பாரிலயும்தான் இருக்கு. அரைநாள் வேலை. சாமானும் பெரிசாத் தேவையில்ல.

நாலு லைன் பட்டத்தில பாரம் சமனாப் பிரியிறதில்ல. பெரும்பங்கு நடுவால போற முன் லைன் ரெண்டிலயும் ஏறி, நேரா உன்ட இடுப்பில கட்டுற ஹார்னஸின்ட கொளுக்கிக்கு வருது. பின் லைன் ரெண்டும் பாரின்ட ரெண்டு நுனிக்கும் வருது. அதில கிறுக்கிற இழுவையும், பாரை உள்ளுக்கு எடுக்கேக்க வாற இழுவையும் மட்டும்தான். லைன் டைனீமா, இல்லாட்டி ஸ்பெக்ட்ரா. ரெண்டும் ஒரே சாதி. உடையிற கட்டத்திலயும் நூற்றுக்கு மூண்டு நாலுக்கு மேல நீளாத நூல். அப்படியிருந்தும் தொடர்ந்து பாரம் ஏத்தினா மெல்ல மெல்ல நீண்டு, பாரத்தை எடுத்தபிறகும் பழைய நீளத்துக்குத் திரும்பாது. சூடு கூடக்கூட அது விரைவாகும். கச்சான் காத்து அடிக்கிற நாளில லைனைப் பாரில சுத்தி வான் வண்டிக்குள்ள போட்டு, கண்ணாடியையும் ஏத்தி விட்டிட்டுப் போறதை நிப்பாட்டு. அந்த வெக்கையில உருகாதுதான், உருக 144 பாகைக்கு மேல வேணும். ஆனா அந்தச் சூட்டில நூல் இளகினாப்போல ஆகி, அடுத்த இழுவைக்கு லேசா நீண்டு குடுக்கும்.

பின் லைன் எதிர்ப்பக்கம் போகும். உப்பும் நுண்மணலும் பின்னலுக்குள்ள ஏறி, பின்னல் தடிச்சு, நீளம் குறையும். அதை இழுத்து நிமித்த அதில பாரமும் இல்ல. முன் லைன் நீள, பின் லைன் குறுக, நடுவில இடைவெளி விரியுது. 22 மீற்றர் லைனில நூற்றுக்குக் கால் (0.25%) நீண்டாலே அஞ்சரைச் சென்ரிமீற்றர் வந்திரும். அந்த அஞ்சரை போதும், பட்டத்தின்ட குணம் மாற.

பின் லைன் கட்டையானா, நீ பாரை வெளிய தள்ளினாலும் பட்டம் உள்ளுக்கு இழுத்துப் பிடிச்ச நிலையிலதான் நிக்கும். மூக்கணாங்கயித்தை விடாம இழுத்துப் பிடிச்ச மாடு எப்பிடி முன்னுக்குப் போகும்? பட்டமும் முன்னுக்கு ஓடாம, காத்தின்ட நடுவுக்குள்ள அமிழ்ந்து, பின்பக்கமாச் சரியும். கிறுக்கினா மந்தமாக் கிறுகும். கை ரெண்டையும் நீட்டிக்கொண்டே ஓடவேண்டி வரும். பின் லைன் நெட்டையானா இதுக்கு நேர்மாறு: பாரை அடி மட்டும் இழுத்தாலும் இழுவை வராது, பட்டம் படபடக்கும், தண்ணியில இருந்து எழுப்ப ஒரு பின் லைனை இழுத்தா அசையாது. நீ எழுதினதில சரிவு முதலாவது வகை, எழும்பாதது ரெண்டாவது வகை மாதிரி இருக்கு. ரெண்டும் ஒண்டா வந்தா, இடம் வலம் பின் லைன் ரெண்டும் தங்களுக்குள்ளயே சமனில்லையோ எண்டும் எனக்குச் சந்தேகம். பட்டத்தைத் தலைக்கு மேல நிப்பாட்டி, பாரில விரலை மட்டும் வைச்சுப் பார். எப்பவும் ஒரே பக்கம் இறங்கினா, அந்தப் பக்கப் பின் லைன் கட்டை.

இனி ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு. நீ ஓடேக்க ட்ரிம் கயித்தை எப்பவும் கொஞ்சம் இழுத்துத்தானே வைச்சிருக்கிறாய்? இதை நீ யோசிச்சே இருக்கமாட்டாய், கனபேர் யோசிக்கிறதில்ல. ட்ரிம்மை இழுத்தா முன் லைன் கட்டையாகும். லைன் நீள நீள, பட்டம் சரியாப் பறக்கட்டுமெண்டு கை தன்பாட்டில ட்ரிம்மை இழுத்துப் பழகிப்போகுது. பறக்குதுதான், ஆனா பலத்த காத்து வாற நேரத்துக்கெண்டு வைச்ச இழுவையை நீ சும்மா நாளிலயே செலவழிச்சாச்சு. திடீரெண்டு காத்து ஏறினா இழுக்க மிச்சம் இல்ல. மெல்லிய காத்திலயும் ட்ரிம் இழுத்தாத்தான் பட்டம் ஒழுங்கா நிக்குதெண்டா, அளக்காமலே சொல்லலாம், முன் லைன் நீண்டுபோச்சு.

ஆனாலும் அளக்கத்தான் வேணும். மணல்ல விரிக்காதே, புல்லுத்தரை வேணும். உங்கட பள்ளிக்கூட மைதானத்துக் கோல் போஸ்ட் இதுக்கெண்டே நட்டது மாதிரி. காலமை, காத்து எழும்ப முன்னம் போ. கம்பத்தில உறுதியான கயித்தால வளையம் கட்டி ஒரேயொரு கொளுக்கி போட்டு, நாலு லைனின்ட நுனியையும் அந்த ஒண்டிலயே மாட்டு. வேற வேற ஆணியில மாட்டினா அளவு பிழைச்சிரும். உன்ட லைனில ஒரு சோடி நுனி வளையம், மற்றச் சோடி முடிச்சு. முடிச்சு நுனி ரெண்டுக்கும் ஒரே நீளத் துண்டுக் கயிறு சுருக்குப் போட்டு மாட்டி, அந்த நீளத்தைக் கடைசியில கழி. அதை மறந்திட்டு இல்லாத வித்தியாசத்தைத் திருத்தப்போறவங்கள் இருக்கிறாங்கள்.

மறுகா கம்பத்தில இருந்து பார் மட்டும் லைனுக்குள்ள விரலை விட்டு நடந்து சிக்கெடு. ட்ரிம்மை முழுக்க இளக்கி விடு. பாரின்ட நடுக்கயித்து நுனியில இருக்கிற வளையத்தை, அதான் சிக்கன் லூப்பை, ஹார்னஸில மாட்டி, பின்னால சாய்ஞ்சு, பாரை உன்னட்ட அடி மட்டும் இழு. அந்த நிலையில நாலும் ஒரே அளவாய் விறைச்சு நிக்கவேணும், பார் நேரா இருக்கவேணும். பெரும்பாலான பாருக்கு இதுதான் கணக்கு. செய்தவங்கள் வேற மாதிரிச் சொல்லியிருந்தா அவங்கட புத்தகத்தைப் பின்பற்று. பார் ஒருபக்கம் கம்பத்தை நோக்கிச் சரிஞ்சா அந்தப் பக்கப் பின் லைன் கட்டை. பின் ரெண்டும் விறைச்சு, முன் ரெண்டும் தொய்ஞ்சா முன் நீண்டிட்டுது. தொய்வைக் கண்ணால மதிக்காதே, பெரியவனைக் கம்பத்தடியில நிப்பாட்டி அடிமட்டத்தால சென்ரிமீற்றரில அளந்து எழுதச் சொல்லு. பின் லைன் ரெண்டுக்கும் இடையில ஒரு சென்ரிமீற்றர் கூட நான் விடமாட்டன். முன்னுக்கும் பின்னுக்கும் இடையில ரெண்டு வந்தாப் பரவாயில்ல, அதுக்கு மேல திருத்து.

வித்தியாசம் லைனிலயா, பாரிலயா எண்டு அறிய, லைனைப் பாரில இருந்து கழட்டி, முன்னை முன்னோடயும் பின்னைப் பின்னோடயும் தனியாப் பிடிச்சுப் பார். லைன் சமனா இருந்தா பிழை லைனையும் பாரையும் தொடுக்கிற லீடர் கயித்தில, அல்லாட்டி பாரின்ட ஓட்டைக்குள்ளால போற நடுக்கயித்தில. லைனும் பாரும் சரியா இருந்தும் பட்டம் ஒருபக்கம் இழுத்தா, இடப்பக்கப் பின் லைனையும் வலப்பக்கத்ததையும் பார், பட்டம் ரெண்டு நுனியிலயும் கழட்டி மாத்திப் போட்டு ஏத்து. சரிவு பக்கம் மாறினா லைன். மாறாட்டி லைன் வந்து சேருற பட்டத்துக் கயித்துக் கட்டான பிரைடிலையும், அதில இருக்கிற கப்பியையும் பார். கப்பிக்குள்ள மணல் சிக்கினாலும் இதே கூத்துத்தான்.

திருத்தத்தில அவசரப்படாதே. முதல்ல லைனை நல்லதண்ணியில ஊறவிட்டு உப்பையும் மணலையும் எடு, நிழல்ல காயவை. மறுகா பின் லைன் ரெண்டையும் கம்பத்தில மாட்டி, மற்ற நுனிகளை ஒண்டாச் சேத்து ஹார்னஸில போட்டு, உடம்புப் பாரத்தை முழுக்கக் குடுத்து ஒரு நிமிசம் சாய்ஞ்சு நில். விட்டு, திரும்பவும் சாய். குறுகின பின் லைன் இதிலயே கனக்கத் திரும்பி வரும். வாகனத்தில கட்டி இழுக்காதே, எவ்வளவு ஏறுதெண்டு உனக்குத் தெரியாது.

மிச்சத்தைப் பார் நுனியில மிதவைக்குள்ள இருக்கிற லீடரில திருத்து. அதில வரிசையா முடிச்சு இருக்கும். பாரில இருந்து வெளிய இருக்கிற முடிச்சுக்கு லைனை மாத்தினா பின் லைன் நீளும், உள்முடிச்சுக்கு எடுத்தாக் குறையும். ரெண்டு பக்கமும் ஒரே முடிச்சு. பறக்கிற லைனிலயே முடிச்சுப் போட்டுக் கட்டையாக்கிற வேலையை மட்டும் செய்யாதே. முடிச்சு விழுந்த இடத்தில டைனீமாவின்ட பலம் கிட்டத்தட்டப் பாதியாப் போகும். தானா விழுந்த முடிச்சை இறுக முன்னம் ஊசியால இளக்கி எடு. அறுந்த துண்டுக்கு வலைக்கட்டு நூலோ தங்கூசியோ போட்டு ஓடலாமெண்டு சின்னமாமா சொல்லுவார், கேக்காதே. நைலோன் நீளுற அளவுக்கு எந்த ட்யூனும் நிக்காது. மயிர் எழும்பின லைன், ஒரு சென்ரிமீற்றருக்குள்ள கொண்டு வர ஏலாத சோடி, ரெண்டையும் மாத்து. மாத்தினாச் சோடியா மாத்து, ஒரு பக்கம் புதுசு மறுபக்கம் பழசு எண்டா அடுத்த மாசமே வித்தியாசம் வரும். புது லைனும் முதல் சில ஓட்டத்தில படிஞ்சு நீளும், அதுக்குப் பிறகு திரும்ப அள.

நடுக்கயித்தைப் பாரின்ட ஓட்டை உரசிற இடத்தில விரலால தடவிப் பார். உறை கிழிஞ்சா, நார் எழும்பினா, அறுந்து போகமுன்னம் மாத்து. தடிப்பும் நீளமும் பழசு மாதிரியே இருக்கவேணும், நீளம் மாறினா இவ்வளவு அளந்ததும் வீண்.

இனி நான் சொல்றதைப் பகிடியா எடுக்காதே மச்சான். கச்சான் மேற்கால வந்து கரையில இருந்து கடலுக்குத் தள்ளுற காத்து. பொத்துவில்லயும் சரி, கல்குடாவிலயும் சரி, அந்தக் காத்தில ஒரு லைன் அறுந்தா நீ கரைக்கு வாறதில்ல, வங்காள விரிகுடாவுக்குப் போறாய். சந்தேகப்பட்ட லைனோட ஓடுறதெண்டா வாவிக்குள்ள ஓடு, கரையில ஆள் நிக்கட்டும். முன் லைன் முறுக்கை அவிழ்க்கச் சுழலுற ஸ்விவலில மணல் இறுகினா முன் லைன் ரெண்டும் முறுகி நிக்கும். முறுகினா நீ ஆபத்தில பட்டத்தின்ட இழுவையை விடுவிக்கிற குயிக் ரிலீஸை அமத்தினாலும் பாதுகாப்பு லைன் வழுக்கி ஓடாது, பட்டம் இழுவையை விடாது. ஓடி முடிஞ்ச ஒவ்வொரு நாளும் ஸ்விவலை நல்லதண்ணியில கழுவிக் கையால சுத்து. ரிலீஸைப் பட்டம் ஏத்த முன்னம் ஒருக்கா, பாரத்தோட ஒருக்கா அமத்திப் பார், திருப்பிப் பூட்டிப் பார். புதுப் பார் வாங்கிற நாள் வந்தா ரிலீஸ் ஐ.எஸ்.ஓ. 21853 தரத்துக்குச் சோதிச்சதோ எண்டு கேள். 2020இல வந்த தரம் அது, கைட் ரிலீஸுக்கெண்டே எழுதினது. உன்ட பிள்ளைகள் ரெண்டும் கரையில நிண்டு பாக்கிறதெண்டு எழுதியிருந்தாய், அதுக்காகத்தான் இவ்வளவும் சொல்றன்.

விலை பேசின ஆளிட்ட பத்து நாள் தவணை கேள். அளந்து நாலு இலக்கத்தையும் எழுது: முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம். லீடர் எந்த முடிச்சில இருக்கெண்டும் எழுது. கற்பிட்டியில இருந்து வந்த 22 மீற்றர் முன் லைன் ஒரு சோடி பெட்டி உடைக்காமல் என்னட்ட இருக்கு. வேணுமெண்டா சொல்லு, பொத்துவில் பஸ்ஸில கண்டக்டரிட்டயே குடுத்து விடுறன், தரிப்பில நிண்டு வாங்கு.

மாமிக்கு என்ட அன்பைச் சொல்லு, கண்ணில தண்ணி படாமப் பாத்துக்கொள்ளச் சொல்லு.

உன்ட,
கல்லடியான்